கண் சிவந்தவன் குடிகாரன்

ஓசூரைத் தாண்டி மைசூர் எல்லைக்குப் போகிற சாலையில் ஒரு குறுக்குமரம் இருந்தது. அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று குடித்தால் அரசாங்கத்துக்கு வருமானம். இந்தப் பக்கம் வந்து ஏப்பம் விட்டால் ஜெயில். ஒரே ஆள், ஒரே வயிறு, ஒரே சரக்கு. நடுவில் ஒரு சவுக்குக் கட்டை. அந்தக் கட்டையைத் தூக்கவும் இறக்கவும் ஒரு மதுவிலக்குச் சோதனைச் சாவடியை ஏற்படுத்தி, ஒரு இன்ஸ்பெக்டரையும் ஒரு ஜமேதாரையும் ஏழெட்டுச் சேவகர்களையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஐம்பதுகளில் சென்னை ராஜ்யத்தின் ஒழுக்கம் முழுவதும் அந்தக் கட்டையின்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தது.

சேவகர்களில் ஒருவன் சென்றாயன். தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு மண்வெட்டி பிடித்த குடும்பத்தில் முதல்முதலாகக் காக்கி உடுத்தியவன். மனைவி பாப்பம்மா, நான்கு வயது மகள் மாரம்மா. சாலையோரத்தில் சேவகர்களுக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகைகளில் ஒன்றில் குடியிருந்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. இரவானால் தூங்குவான்.

இன்ஸ்பெக்டர் சென்னகிருஷ்ணன் அதைத் திருத்தினார். அவர் படித்தவர், யோசிப்பவர். ஊரில் சும்மா இருக்கிறவனால் வருகிற கேட்டைவிட யோசிக்கிறவனால் வருகிற கேடு பெரிது.

"எந்தச் சேவகன் எப்போ காவல்ல நிப்பான்னு கடத்தல்காரனுக்குத் தெரியக் கூடாது," என்று அவர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். "அதுக்கு என்ன வழி? சேவகனுக்கே தெரியக் கூடாது. எனக்கும் தெரியக் கூடாது. யாருக்குமே தெரியாத ரகசியத்தை எவன்டா திருட முடியும்?"

ஆகவே முறைக்காவல் ஒழிந்து புளியங்கொட்டை வந்தது. ஒரு பக்கம் கல்லில் உரசி வெள்ளையாக்கிய கொட்டைகள், தாயம் ஆடுகிற அதே கொட்டைகள், ஆளுக்கொன்றாக ஒரு செம்பில் கிடந்தன. ஜமேதார் மாதப்பன் காலையிலும் மாலையிலும் குலுக்கிப் போடுவார். வெள்ளை விழுந்தால் காவல், கறுப்பு விழுந்தால் ஓய்வு. தாயக்கட்டைக்கு எப்போது நீதி தெரிந்தது? சென்றாயனின் கொட்டை வெள்ளை வெள்ளையாக விழுந்தது. இரவு முழுக்க நின்றவன் காலையிலும் நின்றான். அடுத்த நாள் பகல் விட்டு ராத்திரி நின்றான். அதற்கடுத்து நடுச்சாமத்தில் ஆள் போதவில்லை என்று மறுபடி குலுக்கினார்கள், அப்போதும் நின்றான்.

தூக்கம் மாடு மாதிரி. தினம் ஒரே நேரத்தில் ஓட்டி வந்தால்தான் கட்டுத்தறிக்கு வரும். கண்ட வேளையில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. சில மாதத்தில் சென்றாயனுக்கு ஓய்வு கிடைத்த நாளிலும் தூக்கம் கிடைக்கவில்லை. பட்டப்பகலில் தகரம் காய, லாரி ஊத, பாயில் புரண்டு புரண்டு கிடந்துவிட்டு எழுந்துபோவான். கம்பங்கூழில் உப்புக்குப் பதில் திருநீற்றைப் போட்டுக் குடித்தான். தபால் பஸ்ஸுக்கு சல்யூட் அடித்தான். ஒரு நாள் ஒரு காளையை நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னான். அது கேட்கவில்லை. தடியால் நான்கு போட்டான். காளை கொம்பால் ஒன்று போட்டது. அரசாங்க ஊழியனைக் கடமை செய்யவிடாமல் தடுத்ததாக மாட்டின்மேல் வழக்கு எழுதலாமா என்று ஜமேதார் வெகுநேரம் யோசித்தார்.

இனி முக்குறிச் சோதனை. அதுவும் இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்ததுதான். எல்லை தாண்டி வருகிறவன் குடித்திருக்கிறானா என்று பார்க்க வாயை முகர்ந்தால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எவன் வாயை எவன் முகர்வது? ஆசாரம் என்று ஒன்று இருக்கிறதே. அதனால் முகராமலே கண்டுபிடிக்க மூன்று குறிகள் வகுத்தார். கண் சிவந்திருக்கிறதா? சாலையில் சுண்ணாம்பால் போட்ட கோட்டின்மேல் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறானா? 'ஏழு கிழங்கைக் கழுவிய கிழவி குழியில் விழுந்தாள்' என்று சொல்லச் சொன்னால் நாக்குக் குழறுகிறதா? மூன்றும் இருந்தால் குடிகாரன். குடிகாரன் என்றால் முதலில் அடி, பிறகு வழக்கு. அடி வாங்கியபின் கண் இன்னும் சிவக்கும், நடை இன்னும் தள்ளாடும், நாக்கு இன்னும் குழறும். அதனால் சோதனையை அடிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம் என்று ஜமேதார் ஒரு திருத்தம் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரை மெச்சிக்கொண்டார்.

விடிகாலையில் அந்தச் சாவடியைக் கடக்கிறவன் எவன்? பெங்களூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிக்காரன், லாரி ஓட்டி, காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் விழித்திருந்த தாய். ஒருவர் கண்ணிலும் தூக்கம் கிடையாது. கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்களுக்குக் கிழவியைக் குழியில் தள்ளவும் வராது. எல்லாரும் குடிகாரர்கள் ஆனார்கள். பல் உதிர்ந்தது, மண்டை உடைந்தது, சுண்ணாம்புக் கோட்டை வாரம் ஒரு முறை புதிதாகப் போட வேண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டில் ரத்தம் பளிச்சென்று தெரிந்தது. நிஜமாகவே சரக்குக் கடத்துகிறவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, மத்தியானத்தில் காரில் வந்தார்கள். அவர்கள் கண் பால்போல் இருந்தது. சேவகர்கள் மரத்தைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள்.

அப்படி ஒரு காலையில்தான் கோவிந்தப்பன் வந்தான். தளிப் பக்கத்து ஆள், கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன். முட்டைக்கோசை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் வைக்கோல்மேல் படுத்துத் தூங்கிப்போயிருந்தான். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். போகும்போது ஆள் மாட்டை ஓட்டுவான், திரும்பும்போது மாடு ஆளை ஓட்டி வரும். காளைகள் குறுக்குமரத்தின் முன்னால் ஒழுங்காக நின்றன. வண்டிக்குள் குறட்டை கேட்டது.

சென்றாயன் எட்டிப் பார்த்தான். வாய் திறந்து, கை விரிந்து, மார்பு ஏறி இறங்க ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் சென்றாயனுக்கு வயிறு எரிந்தது. காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான்.

"யாகே சாமி, யாகே?" என்று கோவிந்தப்பன் 'ஏன்' என்பதைக் கன்னடத்தில் அலறினான். பிறகு நினைவு வந்து தமிழுக்கு மாறினான். "குடிக்கலீங்க சாமி. தூக்கமுங்க. ரெண்டு ராத்திரியா கண்ண மூடல. மாடு ஓட்டியாருதேன்னு இப்பத்தான் செத்த சாஞ்சேன்."

அவன் சொல்வது சத்தியம் என்று அந்தச் சாவடியிலேயே மற்ற யாரையும்விட சென்றாயனுக்குத் தெரியும். அந்தச் சிவப்பும் தள்ளாட்டமும் குழறலும் சென்றாயன் உடம்பிலேயே குடியிருந்தன. தெரிந்தே அடித்தான். குடித்ததற்காக அடிக்கவில்லை, தூங்கியதற்காக அடித்தான். தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம் கேட்டபிறகும் அடித்தான். ஜமேதார் வந்து, "போதும்டா, வழக்கெழுத உசுரோட ஆள் வேணும்," என்று பிடித்து இழுத்தார்.

அன்று மத்தியானம் கொட்டகையில் பாயில் கிடந்தபோது பக்கத்தில் மாரம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைத் தூக்கம். மூச்சு சீராக வந்து போயிற்று. சென்றாயன் வெகுநேரம் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தான். பிறகு எழுந்து அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்திரி! கண்ணக் காட்டு! கோட்டுமேல நட!" என்று கத்தி மூலையில் இருந்த தடியை எடுத்து ஓங்கிவிட்டான். அடுப்படியிலிருந்து ஓடிவந்த பாப்பம்மா தடிக்கும் பிள்ளைக்கும் நடுவில் விழுந்தாள். அடி அவள் முதுகில் இறங்கியது.

அவள் அழவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"இந்தாய்யா, நீ கெட்டவனில்ல. எனக்குத் தெரியும். தூக்கங்கெட்ட பேய் உன்ன ஆட்டுது. உங்க தொரைகிட்டப் போ. அஞ்சாறு நாளு ஒழுங்காத் தூங்க லீவு வாங்கியா. இல்லன்னா புள்ளயத் தூக்கிக்கினு காவேரிப்பட்டினத்துக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். அப்புறம் திரும்ப மாட்டேன். புள்ளய சாவக் குடுக்க முடியாது."

சென்றாயன் தன் கையைப் பார்த்தான். அவனுக்கே அந்தக் கையைக் கண்டு பயமாக இருந்தது. அப்படியே இன்ஸ்பெக்டரிடம் ஓடினான்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். "தூக்கம் என்கிறது சொந்த விஷயம், சென்றாயா. சர்க்கார் யாருடைய சொந்த விஷயத்திலும் தலையிடாது. நீ காவல்ல தூங்கினாத்தான் அது சர்க்கார் விஷயம். அப்போ வா, உடனே நடவடிக்கை எடுக்கறேன்."

"சாமி, எம்புள்ளய அடிச்சே கொன்னுருவேனுங்க."

"வீட்டில அடிக்கிற பலம் இருக்கு, காவலுக்கு மட்டும் பலம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தமது கருணைக்கு எல்லை இல்லை என்பதைக் காட்ட அவனை இலாகா டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "தூக்கம் வராததுக்கெல்லாம் லீவு இல்லப்பா. சேவகனுக்கு லீவு குடுக்கறதுன்னா பாம்புக்கடி, காலரா, எலும்பு முறிவு. இந்த மூணில உனக்கு எது வசதி?"

சென்றாயன் யோசித்தான். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். காலராவுக்குப் பருவம் இல்லை. நேராக ஜமேதாரிடம் போய், "அண்ணே, உங்க கையால என் காலை ஒடைச்சு உடுங்க," என்று கும்பிட்டான். மாதப்பன் உதவி செய்யும் குணம் உள்ளவர். சென்றாயனை ஒரு கல்லில் உட்கார வைத்துக் காலை நீட்டச் சொல்லித் தடியை ஓங்கினார். ஆனால் கொட்டை குலுக்கிக் குலுக்கி அவரும் தூங்காதவர்தானே. கண் இரண்டு இரண்டாகக் காட்டியது. முதல் அடி தண்ணீர்ப்பானைமேல் விழுந்தது. இரண்டாவது அடி, என்ன சத்தம் என்று பார்க்க வந்த சேவகன் கரியப்பனின் பாதத்தில் விழுந்தது. கரியப்பனுக்குக் கட்டுப் போட்டு பதினைந்து நாள் லீவு கொடுத்தார்கள். அவன் கயிற்றுக்கட்டிலில் கால்நீட்டிப் படுத்துத் தூங்கிய தூக்கத்தைச் சேவகர்கள் கூட்டமாக நின்று ஏக்கத்துடன் பார்த்துவிட்டுப் போனார்கள். முடவன் ஆசைப்படும் கொம்புத்தேன் இருக்கட்டும், இங்கே நல்லகால் உள்ளவர்கள் முடவனைப் பார்த்து ஆசைப்பட்டார்கள்.

இதற்குள் பெருமை வந்து சேர்ந்தது. ராஜ்யத்திலேயே அதிக வழக்குப் பதிந்த சாவடி என்று கேடயம் கொடுக்கப் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. பாப்பம்மா மூட்டை கட்டியிருந்தாள். சென்றாயன் அவளைக் கெஞ்சினான். "பெரிய தொரை வராரு. நேரா அவரு கால்ல விழுந்து கேட்டுடறேன். அதுவரைக்கும் இரு." அவள் மூட்டையை அவிழ்க்காமல் இருந்தாள்.

வருகைக்கு முந்தின இரண்டு நாள் புளியங்கொட்டைக்கு விடுமுறை, எல்லாருக்கும் வெள்ளைதான். இரவும் பகலும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தோரணம் கட்டினார்கள், பித்தான் தேய்த்தார்கள். அன்று காலை முதல் போக்குவரத்தை நிறுத்தி வண்டிகளை மரத்துக்கு அந்தப்புறம் வரிசையாக நிற்க வைத்தார்கள். சேவகர்களின் மனைவிமார் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. பாப்பம்மாவும் தட்டோடு நின்றாள். கரியப்பன் லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தான். முகம் தாமரையாக இருந்தது.

பெரிய அதிகாரி காரை விட்டு இறங்கி, மாலையைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இந்தச் சாவடியின் சாதனை என்ன? ஒரு பாட்டில்கூடப் பிடிக்காமல் இத்தனை குடிகாரர்களைப் பிடித்திருக்கிறது. பாட்டிலோடு இருப்பவனை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பாட்டில் இல்லாதவனைப் பிடிப்பதுதான் திறமை. எங்கே, அந்தச் சோதனையை நான் பார்க்க வேண்டும்."

குடிகாரன் ஒருவன் தேவைப்பட்டான். போக்குவரத்தை நிறுத்திவிட்டதால் மரத்துக்கு இந்தப்புறம் கையிருப்பில் ஒருவரும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கு யோசனை உதித்தது. "முதல்ல குடிக்காதவன் எப்படி இருப்பான்னு காட்டறோம், ஐயா. அப்புறம் வித்தியாசம் சுலபமா விளங்கும்." பக்கத்தில் நின்றவனைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவன் சென்றாயன்.

காலில் விழ இதுவே சமயம் என்று சென்றாயன் நினைத்தான். அதற்குள் அதிகாரி குனிந்து அவன் கண்ணைப் பார்த்தார். கண் மிளகாய்ப் பழமாக இருந்தது. கோட்டில் நடக்கச் சொன்னார்கள். கோடு பாம்பாக நெளிந்தது. மிதித்துவிடக் கூடாதே என்று சென்றாயன் தாண்டித் தாண்டிக் குதித்தான். வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"ஏளு... கெளவியக் களுவி... குளியில போட்டுடுங்க சாமி, தூங்கணும்," என்றான் சென்றாயன்.

ஜமேதார் மட்டும் மனம் பொறுக்காமல், "குடிக்கறவன் இல்லீங்க. பாவம், தூங்காம இப்பிடி ஆயிட்டான்," என்று சொல்லிவிட்டார்.

பெரிய அதிகாரி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "தூங்காதவனுக்கும் இந்த மூன்று குறியும் வரும் என்றால், இதுவரை நாம் அடித்தவர்கள் யார்?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஆகவே இவன் குடித்திருக்கிறான்," என்று அதிகாரி முடித்தார். "சோதனை தப்பாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்று. உங்கள் வழக்கப்படி செய்யுங்கள், பார்க்கலாம்."

வழக்கப்படி செய்தார்கள். சேவகர்கள் நாலு பக்கமும் சுற்றிக்கொண்டார்கள். தூங்காத கைகள் பாதி அடியைத் தரைமேலும் பக்கத்து ஆள்மேலும் போட்டன. கரியப்பன் மட்டும் குறி தப்பவில்லை. அவன் நன்றாகத் தூங்கி வந்தவன். முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று, வாயில் ஒன்று. சென்றாயன் வாயிலிருந்து ரத்தமும் ஒரு பல்லும் விழுந்தன. கோட்டின்மேல் குப்புற விழுந்தான். இன்னும் இரண்டு அடி விழுந்தபோது ஒரு விநோதமான சத்தம் கேட்டது. கரியப்பன் தடியை நிறுத்திக் குனிந்து பார்த்தான்.

சென்றாயன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மாதக்கணக்காக வராத தூக்கம் அடியோடு அடியாக வந்துவிட்டது. விலாவில் உதைத்தார்கள். குறட்டை ஒரு சுதி ஏறியது. "எழுப்பு! குற்றத்தை ஒப்புக்கொள்ள விழித்திருக்க வேண்டும்!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். ஒருவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

பாப்பம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். கணவன் கையிலிருந்து விழுந்து கிடந்த தடியை எடுத்தாள். குடம் கொண்டுவந்தவனின் முழங்கையில் முதல் அடி. குடமும் அவனும் ஒன்றாக உடைந்தார்கள். அடுத்தது கரியப்பனின் பழைய கால். அவன் ஊளையிட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் ஓடினான்.

"எவனாச்சும் எழுப்பினீங்க, மண்டையப் பொளந்துருவேன்! எம்புள்ளயக் கொல்ல வந்த கைடா அது! தூங்கி எந்திரிச்சாத்தான் அது மனுசன் கையாவும்! தூங்க உடுங்கடா!"

"பிடியுங்கள் அவளை!" என்றார் இன்ஸ்பெக்டர். சேவகர்கள் பாய்ந்தார்கள். ஆனால் இரண்டு நாள் தூங்காதவர்களுக்கு இரண்டு பாப்பம்மா தெரிந்தார்கள். எல்லாரும் தவறான பாப்பம்மாவைப் பிடிக்கப் பாய்ந்து ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். விழுந்த இடத்தில் சுகமாக இருந்ததால் இருவர் எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர்மேல் தடி வந்தபோது அவர் கேடயத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அது எதற்குப் பயன்படும் என்பது அந்த இலாகாவில் அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

பாப்பம்மா பெரிய அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். "கண்ணக் காட்டுங்க சாமி. உங்குளுதும் செவந்துதான் இருக்குது."

அதிகாரி பின்வாங்கினார். "ராத்திரி முழுக்கக் கார்ல வந்தேன், அம்மா. தூக்கமே இல்லை. தூங்காட்டா இப்படித்தான் சிவக்கும்."

"அதத்தான சாமி இத்தினி பேரும் சொன்னாங்க!" என்று சொல்லி அவர் தோளில் ஒன்று போட்டாள். மாலை அறுந்து சாமந்தி சிதறியது.

அதிகாரி காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இன்ஸ்பெக்டரிடம் இரண்டு உத்தரவு சொன்னார். ஒன்று, இந்தப் பெண்பிள்ளையை நாளைக் காலையில் போலீஸ் வந்து கைது செய்ய வேண்டியது. இரண்டு, இனிமேல் அதிகாரிகளின் கண்சிவப்பைச் சிவப்பாகக் கருதக் கூடாது. கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. இன்ஸ்பெக்டரும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மரத்தைத் தூக்க ஆளில்லை. வண்டிக்காரர்களே தூக்கிவிட்டு, கீழே கிடந்த சேவகர்களை ஒதுங்கி ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பாப்பம்மா சென்றாயன் தலைமாட்டில் தடியை ஊன்றி நின்றாள். நாளைக்கு ஜெயில் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அவன் தூங்கட்டும்.

கடைசியில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவனின் வலது தோளில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியிருந்தது. இடது கையில் சாட்டை. அவன் பாப்பம்மாவைப் பார்க்கவில்லை, கீழே கிடந்தவனைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்கூட்டு ஆளு ஒடைச்சதா அண்ணே?"

"ஆமாம்மா," என்றான் கோவிந்தப்பன். "தூங்கிக்கினு இருந்தவன இழுத்துப் போட்டு ஒடைச்சான். இனி இந்தக் கை நொகத்தடி தூக்காதுன்னு வைத்தியன் சொல்லிட்டான்."

பாப்பம்மா தடியைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "எல்லாரயும் தடுத்துட்டேன். உன்னத் தடுக்க எனக்கு வாயில்ல அண்ணே. அடிச்சுக்கோ. உசுர மட்டும் உட்டுடு."

கோவிந்தப்பன் சாட்டையை ஓங்கினான். சென்றாயன் வாய் திறந்து, கை விரிந்து, ரத்தமும் எச்சிலும் புழுதியில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓங்கிய கை வெகுநேரம் அப்படியே நின்றது.

"தூங்கறவன அடிக்க நான் என்ன சர்க்கார் ஆளா?" என்றான் கோவிந்தப்பன்.

சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சென்றாயன்மேல் சக்கரம் படாதபடி மாடுகளைக் கையால் பிடித்துச் சாலையோரமாக நடத்திக்கொண்டு போனான்.